போன், ஸ்டூல், நான்கு அட்டைப் பட்டைகள்: ஆசிரியரின் முதல் வீடியோ பாடம்

வீடியோ பாடம் எடுக்கலாம் என்று முடிவு செய்யும் ஆசிரியர்கள் முதலில் விசாரிப்பது கேமராவையும் மைக்கையும் பற்றித்தான். கையில் இருக்கும் போனே போதும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: என் வகுப்புப் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்?

தமிழ்நாட்டில் 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பி வருகிறது. பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலும் வீடியோ கிடைக்கிறது. இவ்வளவு இருக்கும்போது நான் வேறு எடுக்க வேண்டுமா என்று தயங்காதீர்கள். அவை மாநிலம் முழுவதற்கும் பொதுவாக எடுக்கப்பட்டவை. உங்கள் ஆறாம் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளை நேற்று நோட்டில் என்ன தப்பு எழுதினாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்தத் தப்பை மனத்தில் வைத்து, அவளுக்குப் பழக்கமான குரலில் எடுக்கும் நான்கைந்து நிமிட வீடியோவை வேறு யாரும் எடுத்துத் தர முடியாது.

ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு முழுவதும் செய்து பார்ப்போம். கணக்கு இதுதான்: 1/2 + 1/3.

படி 1: ஒரு தப்பைத் தேர்ந்தெடுங்கள்

‘பின்னங்கள்’ என்பது ஒரு வீடியோவுக்கான தலைப்பு அல்ல. ‘வேற்றினப் பின்னங்களின் கூட்டல்’ என்று சுருக்கினாலும் அது பெரிதுதான். ‘1/2 + 1/3 ஏன் 2/5 ஆகாது?’ என்று கேளுங்கள். அது ஒரு வீடியோ. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களுக்காகவே இந்தப் பாடம்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எட்எக்ஸ் தளத்தின் இணையவழிப் படிப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்த்தவர்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் நிலைக்கவில்லை என்று அது கண்டது. தாமாகச் சேர்ந்து படிக்க வந்தவர்களே அப்படி என்றால், பதினொரு வயதுப் பிள்ளைக்கு நான்கைந்து நிமிடம் தாராளம்.

படி 2: காட்ட வேண்டியதைத் தயார் செய்யுங்கள்

பேச வேண்டியதை எழுதும் முன் காட்ட வேண்டியதை முடிவு செய்வது நல்லது. சார்ட் அட்டையில் 4 செ.மீ. அகலத்தில் நான்கு பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பட்டை 30 செ.மீ.; இதுதான் ‘ஒன்று’. சிவப்பு 15 செ.மீ., அதாவது பாதி. நீலம் 10 செ.மீ., மூன்றில் ஒன்று. மஞ்சள் 12 செ.மீ.; இது பிள்ளைகள் எழுதும் அந்தத் தவறான விடை, 2/5. வெள்ளைப் பட்டையின் பின்பக்கம் மட்டும் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு ஆறு கட்டங்களாகப் பிரித்துவையுங்கள்.

பாடத்தின் உயிர் மஞ்சள் பட்டையில்தான் இருக்கிறது. சிவப்பின் கீழே மஞ்சளை வைத்தால் மஞ்சள் குட்டையாக நிற்கும். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைந்துவிடுமா? இதை நீங்கள் விளக்கவே வேண்டாம். இரண்டு பட்டைகளையும் அருகருகே வைத்துவிட்டு, “இங்கே வீடியோவை நிறுத்து. எது சரியில்லை என்று நோட்டில் ஒரு வரி எழுது” என்று சொல்லி ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை எக்காரணம் கொண்டும் வெட்டி எறியாதீர்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளை யோசிக்கத் தொடங்குவது அங்கேதான்.

அதன்பின் வெள்ளைப் பட்டையைத் திருப்புங்கள். அதன் கீழே சிவப்பையும் நீலத்தையும் இடைவெளி இல்லாமல் வையுங்கள். சிவப்பு மூன்று கட்டம், நீலம் இரண்டு கட்டம். சரியாக ஐந்தாவது கோட்டில் போய் நிற்கும். ஆறில் ஐந்து. மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரை இதற்குப் பிறகு சொன்னால் போதும். ஆறு எங்கிருந்து வந்தது என்பதை அதற்குள் கண் பார்த்துவிட்டது.

படி 3: பேச்சைக் குறித்துக்கொள்ளுங்கள்

முழு உரையையும் எழுதி வைத்துப் படித்தால் குரல் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும். முதல் வாக்கியம், வீடியோவை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் நிறுத்தக் கேள்வி, கடைசி வாக்கியம் ஆகிய மூன்றை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். மற்றவற்றுக்குக் குறிப்பு போதும். “அன்பார்ந்த மாணவச் செல்வங்களே” என்று மேடையில் பேசுவதுபோல் தொடங்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் பேசுவதுபோல், வகுப்பில் எப்படி அழைப்பீர்களோ அப்படியே அழைத்துப் பேசுங்கள். திரையில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கவும் வேண்டாம். பிள்ளை கண்ணால் படித்துக்கொள்ளும்.

படி 4: போனைப் பொருத்துங்கள்

முகம் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் வசிக்கும் சல்மான் கான் (நடிகர் அல்ல) 2004இல் வேறு ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்; 2006இல் அந்தப் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். கான் அகாடமி என்ற இலவச இணையப் பாடத்தளம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்த வீடியோக்களில் இருந்தவை கறுப்புத் திரை, வண்ண எழுத்து, அவருடைய குரல், அவ்வளவுதான். நமக்கும் கையும் குரலும் போதும். கேமராவுக்கு முன் கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மேசையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அதன்மேல் பரீட்சை அட்டையை வையுங்கள். மேசை விளிம்பில் போனைக் கிடத்த வேண்டும். கேமரா உள்ள நீளப்பக்கம் மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு கீழே ஸ்டூலைப் பார்க்கட்டும். போனுக்கும் அட்டைக்கும் இடையே 30 செ.மீ. அளவு இடைவெளி இருந்தால் பட்டை முழுவதும் படத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் தாழ்வான ஸ்டூலாக மாற்றுங்கள். நீங்கள் மேசையைப் பார்த்து, ஸ்டூலைவிடத் தாழ்வாக உட்கார வேண்டும். தரையில் ஒரு பலகை போட்டு உட்காரலாம்.

இதில் புதியவர்கள் பலரும் சிக்கிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. படுக்க வைத்த போனுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாது. வீடியோ தலைகீழாகவோ நெட்டுக்குத்தாகவோ பதிவாகிவிடும். ஆகவே கேமரா உள்ள நீளப்பக்கம் கீழே வரும்படி போனை முதலில் நிமிர்த்திப் பிடியுங்கள். திரையில் உள்ள குறிகள் திரும்பியதும் பதிவைத் தொடங்குங்கள். பிறகு அப்படியே மேசையில் கிடத்தி, நகராமல் இருக்க உள்பக்கம் ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். தொடக்கத்தில் பதிவாகும் தடுமாற்றத்தைப் பின்னால் வெட்டிக்கொள்ளலாம்.

வலக்கைக்காரர்களுக்கு ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்தால் போனின் நிழலே அட்டையில் விழும்; அணைத்துவிடுங்கள். மின்விசிறியையும் அணைக்க வேண்டும். போன் வாய்க்கு இவ்வளவு அருகில் இருப்பதால் தனி மைக் தேவைப்படாது. ஆனால் மின்விசிறிச் சத்தத்தையும் அதே மைக் விடாமல் பிடிக்கும்.

படி 5: பதிவு செய்யுங்கள்

போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் யாராவது அழைப்பார்கள். தெளிவு 720பி போதும். கை உள்ளே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளிவதும் வெளிச்சம் கூடிக் குறைவதும் எரிச்சலூட்டும். பெரும்பாலான போன்களில் திரையில் பட்டை தெரியும் இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்த பிறகு பேசத் தொடங்குங்கள்.

முதலில் அரை நிமிடம் மட்டும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பார்க்கப்போவது சின்னத் திரையில். எண்கள் இரண்டு விரல் உயரமாவது இருக்கட்டும், தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். பேசும்போது வாய் குழறினால் பதிவை நிறுத்த வேண்டாம். ஒரு முறை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லுங்கள். வெட்டும்போது அந்தத் தட்டல் ஒலி அடையாளமாக உதவும்.

படி 6: வெட்டுங்கள்

முன்னும் பின்னும் வெட்ட போனின் கேலரியே போதும். நடுவில் வெட்ட மட்டும் ஏதேனும் ஓர் இலவசச் செயலி தேவைப்படும். பின்னணி இசை வேண்டாம். பறக்கும் எழுத்துகளும் வேண்டாம்.

படி 7: பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்துவிடுங்கள்

வீடியோவாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கி எழுத்து மங்கும். ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது, ஆனால் கோப்பு பெரிதாக இருக்கும். யூடியூபில் ‘பட்டியலிடப்படாதது’ என்ற அமைப்பில் ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்புவது எளிது. இணைப்பு உள்ளவர்கள் மட்டுமே பார்க்க முடியும். குழந்தைகளுக்கானது என்று குறித்துவிட்டால் கருத்துப் பகுதியும் மூடிக்கொள்ளும். எந்த வீடியோவிலும் மாணவர்களின் முகமோ பெயரோ வர வேண்டாம்.

பல வீடுகளில் இருப்பது அப்பாவின் ஒரே போன்; அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். அன்று அனுப்பியதை மறுநாள் காலையே எல்லாரும் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல் இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்துச்சென்று மதிய இடைவேளையில் பள்ளிக் கணினியில் போட்டுக் காட்டினால், போன் இல்லாத பிள்ளையும் காய்ச்சலில் விடுப்பு எடுத்த பிள்ளையும் பார்த்துவிடுவார்கள்.

வகுப்பில் “எல்லாரும் பார்த்தீர்களா?” என்று கேட்டால் பார்க்காதவர்களும் தலையாட்டுவார்கள். நிறுத்தக் கேள்விக்கு நோட்டில் எழுதிய அந்த ஒரு வரியைக் கேளுங்கள். பிறகு நான்கு பட்டைகளையும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, “வெள்ளையை ஆறுக்குப் பதில் நான்கு கட்டமாகப் பிரித்திருந்தால் நீலம் கோட்டில் வந்து நிற்குமா?” என்று கேளுங்கள். வரும் பதில்களில் எது அடிக்கடி தவறுகிறதோ, அடுத்த வீடியோவின் தலைப்பு அதுதான்.