படர்தாமரைக்குச் சீமை அகத்தி: சோதனையில் எங்கே கோட்டை விடுகிறோம்?

படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுவது பழைய கைவைத்தியம். வண்டுகொல்லி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. இந்த மாதிரிச் செடியை எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு எடுப்பதில் தப்பே இல்லை, சோதிக்கிற விதத்தில்தான் சறுக்குகிறோம்.

முதலில் பூஞ்சை. படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணம் டிரைக்கோஃபைட்டான் வகைப் பூஞ்சைகள். லேபில் சுலபமாகக் கிடைப்பதோ கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற வேறொரு பூஞ்சை. ஒரே நாளில் வளர்ந்துவிடும், டிரைக்கோஃபைட்டானுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புராஜெக்ட் கெடுவுக்குப் பயந்து கேண்டிடாவில் சோதித்துவிட்டு, முடிவுரையில் மட்டும் 'படர்தாமரையைக் குணப்படுத்தும்' என்று எழுதினால் எப்படி?

அப்புறம் அந்த வளையம். பூஞ்சை வளர்க்கும் தட்டில், சாறு விட்ட குழியைச் சுற்றிப் பூஞ்சை வளராமல் தெளிவாக ஒரு வட்டம் தெரிந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம் வந்துவிடும், ஆனால் இலையிலிருந்து சாறு இறக்கிய மெத்தனால் சரியாக ஆவியாகாமல் மிச்சம் இருந்தால் அந்த வட்டத்தைப் போட்டது மெத்தனாலாகவும் இருக்கலாம், உலர்ந்த சாற்றைக் கரைக்கிற டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானாகவும் இருக்கலாம். அதனால் மெத்தனாலை முழுக்க ஆவியாக்கிவிட்டு, சாற்றைக் கரைத்த அதே டிஎம்எஸ்ஓவை, அதே அளவில், சாறு இல்லாமல் ஒரு குழியில் விட்டே ஆக வேண்டும். ஒப்பிடும் மருந்தாக ஸ்ட்ரெப்டோமைசின் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து சாமி! கேண்டிடாவுக்கு ஃப்ளுகோனசோல், டிரைக்கோஃபைட்டானுக்கு டெர்பினஃபைன் என்று வையுங்கள்.

வளையம் பெரிதாக இருந்தால் மருந்து வீரியமானது என்றும் சொல்லிவிட முடியாது. எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் தட்டிலுள்ள கூழான அகாரில் அவ்வளவாக நகராது, தண்ணீரில் கரைவது ஓடிப் பரவும். இரண்டு செடிகளை மில்லிமீட்டர் கணக்கில் வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச செறிவைத் திரவ ஊடகத்தில் கண்டுபிடியுங்கள். அது மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டினால் பெரிதாகக் கொண்டாட ஒன்றுமில்லை.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்கு வந்தால் எல்லோரும் போவது டிபிபிஹெச் என்ற ஊதா நிற ரசாயனத்துக்குத்தான். எதிர்ப்புத் திறனுள்ள சாறு பட்டால் ஊதா நிறம் வெளிறி மஞ்சளாகும், அதை 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கிறோம். இலைச் சாற்றுக்கே நிறம் உண்டே, அதைக் கழித்தீர்களா? டிபிபிஹெச் சேர்க்காத சாற்றைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் செடியின் திறன் குறைவாகத் தெரியும். குழாய்களை வெளிச்சத்தில் விட்டுவைத்தால் டிபிபிஹெச் தானாகவே சிதைந்து திறன் கூடுதலாகத் தெரியும். பாட்டி முறைப்படியே செய்கிறேன் என்று எலுமிச்சையோடு அரைத்துச் சோதித்தால் இன்னும் வேடிக்கை: ஊதாவை வெளுக்க எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி ஒன்றே போதும், சீமை அகத்திக்கு அதில் என்ன பங்கு என்று தெரியவே தெரியாது. எலுமிச்சையை மட்டும் ஒரு குழாயில் வைத்தால்தான் கணக்கு நேராகும். ஐசி50, அதாவது பாதி அளவு வெளுக்கத் தேவையான சாற்றின் செறிவு, குறைவாக இருப்பதுதான் நல்லது என்பதையும் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், இது சோதனைக்குழாயில் நடந்த ரசாயனம், உடம்புக்குள் இதே மாதிரி நடக்கும் என்று எழுத வேண்டாம். உணவுகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு எண்களைத் தொகுத்து வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறையே 2012ல் அந்தப் பட்டியலை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது.

செடியின் அடையாளத்திலும் அலட்சியம் வேண்டாம். கீழாநெல்லி என்று பறித்துவருவது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ், கட்டுரையில் எழுதுவதோ ஃபில்லாந்தஸ் நிரூரி. பூவோடு ஒரு கிளையைப் பதப்படுத்தி, தாவரவியல் ஆளிடம் காட்டி உறுதி செய்து, எண் போட்டு, உலர்ந்த செடி மாதிரிகளைச் சேமிக்கும் ஹெர்பேரியத்தில் வையுங்கள். நாட்டு மருந்துக் கடைப் பொடியை வாங்கி ஆரம்பித்தால் அதற்கும் வழியில்லை.