முதல் ஹாட் ராட் டிரக்: எஞ்சின் பிறகு, பிரேக் முதலில்

பழைய வண்டியின் எஞ்சின், பிரேக் முதலியவற்றை மாற்றி வேகமாக ஓடும்படி செய்ததே ஹாட் ராட். 1947–55 செவர்லே 3100, 1953–56 ஃபோர்டு எஃப்-100 ஆகிய பிக்கப் டிரக்குகள் இரண்டுமே முதல் வண்டிக்கு ஏற்றவை; இன்றும் புது உதிரிபாகம் கிடைக்கிறது. பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கேபின் மூலைகள், கதவின் அடிப்பகுதி, கேபின் சேஸியில் அமரும் இடங்கள் ஆகியவற்றை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வேறு வண்டி தேடுங்கள்.

பலரும் முதலில் வி8 எஞ்சின் வாங்கிவிட்டுப் பணமின்றி நிற்பார்கள். பிரேக்கில் தொடங்குங்கள். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை சர்க்யூட். ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை சர்க்யூட் சிலிண்டரும் முன்பக்கம் டிஸ்க்கும் போடுங்கள். சிலிண்டர் கேபின் தரைக்கு அடியில் இருந்தால் பிரேக் ஆயில் திரும்பி வடிந்து, முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கும். அதைத் தடுக்க, குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு வேண்டும்: டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ. இந்த இரு வால்வுகளும் இடம் மாறினால் டிஸ்க் பேட் உரசிச் சூடேறும்.

எஞ்சினுக்கு, சாதாரண செவர்லே 350 (350 கன அங்குல வி8) தாராளம்.

கியர்பாக்ஸின் வெளித்தண்டும், பின் அச்சுக்குள் விசையைக் கொண்டுசெல்லும் தண்டான டிஃபரென்ஷியல் பினியனும் இணையாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்க்கும் தண்டின் முனைகளில் உள்ள வளையும் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோணம் 1 முதல் 3 டிகிரி. வண்டியைத் தாழ்த்தி முடித்து, முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது அளந்த பிறகே, அச்சில் ஸ்பிரிங் அமரும் தகடான ஸ்பிரிங் பேடை வெல்ட் செய்யுங்கள். அச்சு தொங்கும் நிலையில் அளந்தால் ஓட்டத்தில் அதிர்வு வரும்.

6 வோல்ட் பழைய வயரிங்கில் ஒட்டுப்போடாதீர்கள், 12 வோல்ட் புது ஹார்னஸ் (முழு வயர் தொகுப்பு) மாட்டுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்க்கையும் கழற்றி வெளியே வையுங்கள். சில மாடல்களில் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும்.