இயற்கைக் குறிப்பேடு: வாசலில் நிற்கும் மரத்திலிருந்தே தொடங்கலாம்

உங்கள் தெரு வேப்பமரம் போன வருடம் எந்த வாரத்தில் பூத்தது? சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்குப் பூ தேடும்போது மட்டும் அதை நிமிர்ந்து பார்க்கிற நமக்கு இதற்குப் பதில் தெரியாது. தினமும் அதன் நிழலில்தான் வண்டியை நிறுத்துகிறோம். இப்படிக் கண்ணெதிரே நடப்பதைத் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் ஒரு சின்னப் படமும் போட்டு வைப்பதைத்தான் இயற்கைக் குறிப்பேடு என்கிறோம்.

இணையத்தில் தேடினால் வாட்டர்கலர் பூசிய அழகழகான பக்கங்கள் வந்து குவியும். அவற்றைப் பார்த்தே பாதிப் பேர் "இது நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தொடங்குகிற காலத்தில் அந்தப் படங்கள் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. நாம் பழகப்போவது உற்றுப் பார்ப்பதற்கு. கை அதற்கு உதவி செய்கிறது, அவ்வளவுதான்.

படி 1: நோட்டும் பென்சிலும்

கோடு போடாத நோட்டு ஒன்று போதும். நின்றுகொண்டே எழுத வேண்டி வரும் என்பதால் அட்டை கெட்டியாக இருந்தால் வசதி. இல்லையென்றால் பிள்ளைகளின் பரீட்சை அட்டையில் தாளைச் செருகிக்கொள்ளலாம். விலை உயர்ந்த ஓவிய நோட்டு வேண்டவே வேண்டாம் என்பேன். முதல் பக்கம் கெட்டுவிடுமோ என்ற பயத்திலேயே அது அலமாரியில் கிடக்கும்.

ஒரு எச்பி பென்சில், ஒரு பால்பாயின்ட் பேனா, 15 செ.மீ. ஸ்கேல். ஜெல் பேனா ஈரம் பட்டால் ஊறிவிடும், பால்பாயின்ட் தாங்கும். ரப்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கோடு தப்பாகப் போனால் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டுக்கொள்ளலாம். கலர் பென்சில், பூதக்கண்ணாடி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

காட்டுக்கோ சரணாலயத்துக்கோ போய்த்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. சொல்லப்போனால் அது தொடக்கத்துக்கு மோசமான இடம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடும் அவசரத்தில் எதுவுமே மனதில் நிற்காது. மொட்டைமாடி, பால்கனித் தொட்டி, பேருந்து நிறுத்தத்துப் புங்கமரம், கோயில் குளக்கரை என்று அடிக்கடி போக முடிகிற இடமாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு முறை, 15 நிமிடம். திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போனால்தான் மாற்றம் கண்ணில் படும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருந்தால் பூவரசு மரத்தைச் சொல்வேன். காலையில் மஞ்சளாக விரியும் பூ, பொழுது சாயும்போது சிவந்து சுருங்கத் தொடங்கிவிடும். காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் எழுதினாலே ஒரு கதை கிடைத்துவிடும். அடியில் கிடக்கும் காய்களைச் சுற்றி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடக்கும் சிவப்புப் பூச்சிகளையும் பெரும்பாலும் பார்க்கலாம். அதன் இலையில் பீப்பி செய்து ஊதிய தலைமுறை என்றால் சொல்லவே வேண்டாம், மரம் ஏற்கெனவே உங்களுக்குச் சிநேகிதம்.

படி 3: பக்கத்தின் தலைப்பகுதி

எதை விட்டாலும் இதை விடாதீர்கள். தேதி, நேரம், இடம், வானிலை. தமிழ் மாதத்தையும் எழுதினால் நல்லது. பூப்பதும் காய்ப்பதும் நம் பேச்சில் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வானிலைக்குச் செயலியைப் பார்த்து டிகிரி எழுத வேண்டும் என்றில்லை. "மேகமூட்டம், காற்றே இல்லை, நேற்றிரவு தூறல்" என்றால் போதும்.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம்? ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் பூத்த நாட்களைப் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அரண்மனைக்காரர்களும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதி வைத்தவை அவை. 2021இல் மார்ச் 26ஆம் தேதியே பூ உச்சத்தைத் தொட்டது, அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவுகளில் அதுவே மிக முந்தியது என்று அப்போது சொல்ல முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான். எழுதியவர்கள் யாரும் பருவநிலை மாற்றத்தை நினைத்து எழுதவில்லை. தேதி போட்டார்கள், அது போதுமானதாக இருந்தது.

படி 4: முதல் ஐந்து நிமிடம் எழுதாதீர்கள்

போனதும் நோட்டைத் திறக்க வேண்டாம். சும்மா நில்லுங்கள். நீங்கள் வந்ததும் பறந்துபோன தவிட்டுக்குருவிக் கூட்டம் திரும்பி வர அந்த நேரம் தேவை. அணில் கத்துவதை நிறுத்தவும்தான். கண்ணை மூடி எந்தப் பக்கத்திலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். தாளின் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டு அதை நீங்கள் நிற்கும் இடமாக வைத்துக்கொண்டு, குயில் கூவிய திசையில் 'குயில்', மிக்ஸி ஓடிய திசையில் 'மிக்ஸி' என்று எழுதினால் அதுவே ஒரு சத்த வரைபடம். படம் வரையத் தயங்குகிறவர்கள் முதல் பக்கத்தை இப்படி நிரப்பலாம்.

படி 5: பார்த்ததை எழுதுவது

இங்கேதான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். "கறிவேப்பிலைச் செடியில் புழு இருந்தது, அழகாக இருந்தது" என்பதில் படிக்கிறவருக்கு ஒன்றுமில்லை. நாளைக்குப் படிக்கப்போகும் உங்களுக்கும் ஒன்றுமில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆவணி, காலை 7.10, பால்கனி. இரவு மழை, இலையெல்லாம் ஈரம். கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஒன்று, பழுப்பும் வெள்ளையும், ஸ்கேலில் 1 செ.மீ.க்குக் குறைவு. ஊதியதும் அசைந்தது. புழு! இலையின் மேல்பக்கத்திலேயே வெளிப்படையாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக் கொழுந்தில் மஞ்சள் குண்டூசித் தலை போல ஒரு முட்டை. நடுநரம்பை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து தின்றிருக்கிறது. கேள்வி: வேறு செடி ஏன் பிடிக்கவில்லை? இது பெரிதானாலும் எச்சம் மாதிரியே இருக்குமா?"

இதில் அளவு இருக்கிறது, இடம் இருக்கிறது, செயல் இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. அதனால் ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரங்களில் அதே செடியைப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்குச் செடியே பதில் சொல்லும். புழு வளர்ந்ததும் எச்ச வேடத்தைக் கலைத்துவிட்டு இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஒன்றை நீட்டும், காரமான வாடை அடிக்கும். எறும்புகளையும் மற்ற எதிரிகளையும் விரட்டத்தான் அந்த ஏற்பாடு. பிறகு கூட்டுப்புழு, அதிலிருந்து எலுமிச்சை அழகியோ கறிவேப்பிலை அழகியோ வெளியே வரும். இரண்டுமே எலுமிச்சைக் குடும்பச் செடிகளில் முட்டையிடும் பட்டாம்பூச்சிகள். கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான். சின்னப் புழுவை வைத்து எது எது என்று பிரிப்பது கடினம், வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். (செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கலாமா என்று வீட்டில் ஒரு பேச்சு கட்டாயம் கிளம்பும். அதற்கும் தயாராக இருங்கள்.)

எழுதத் தோன்றாதபோது அமெரிக்க இயற்கை ஓவியர் ஜான் மியூர் லாஸ் பரப்பிய மூன்று தூண்டுகோல்கள் உதவும்: நான் கவனிப்பது என்ன, எனக்கு எழும் கேள்வி என்ன, இது எதை நினைவூட்டுகிறது. மூன்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதினாலே பக்கம் பாதி நிரம்பிவிடும்.

எண்ணிக்கையும் சேருங்கள். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி பாய்ந்து பூச்சி பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பும். ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை பாய்ந்தது, எத்தனை முறை அதே இடத்துக்கு வந்தது என்று கோடு போட்டு எண்ணுங்கள். கிளிக்கூட்டம் பறந்தால் முதல் பத்தை எண்ணி, மொத்தக் கூட்டமும் அதைப் போல எத்தனை மடங்கு என்று மதிப்பிடலாம். "சுமார்" என்று எழுத வெட்கப்பட வேண்டாம்.

படி 6: வரைவது

வரையத் தெரியாது என்கிறவர்கள் ஓர் உதிர்ந்த இலையிலிருந்து தொடங்குங்கள். தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள், அளவு தானாகவே சரியாக வந்துவிடும். பிறகு நடுநரம்பு, கிளை நரம்புகள், பூச்சி தின்ற ஓட்டை. அல்லது தாளுக்கு அடியில் இலையைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், நரம்புகள் மேலே தெரியும்.

பறவைக்கு வேறு வழி. அது நமக்காக அசையாமல் நிற்காது. முதலில் உடம்பு எந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஒரே கோடு. அதன்மேல் முட்டை வடிவில் உடம்பு, ஒரு வட்டம் தலை, பிறகு வால், அலகு. பறந்துவிட்டால் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் ஆறு அரைகுறை மைனாக்கள் இருப்பது நல்ல அடையாளம். நிறத்தைப் பூசாமல் அம்புக்குறி போட்டு எழுதுங்கள்: "இங்கே மஞ்சள்", "பறக்கும்போது இங்கே வெள்ளைத் திட்டு". வெளியே போகும் முன் ஒரு சோதனை: மைனாவுக்கு எங்கெல்லாம் மஞ்சள் இருக்கிறது? அலகு, கால், கண்ணைச் சுற்றிய தோல். தினம் பார்க்கிற பறவைதான், ஆனாலும் மூன்றையும் சொல்கிறவர்கள் குறைவு.

போட்டோ எடுக்கலாமா? எடுங்கள், ஆனால் வரைந்து முடித்த பிறகு. முதலிலேயே எடுத்துவிட்டால் "அதான் போனில் இருக்கிறதே" என்று கண் ஓய்ந்துவிடும்.

படி 7: பெயர் கடைசியில்

வீட்டுக்கு வந்து பெயர் தேடலாம். பறவைக்கு மெர்லின் செயலி, மற்ற எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். ஐநேச்சுரலிஸ்டில் படத்தைப் போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்வார்கள். செயலி சொன்ன பெயரைப் பென்சிலில் எழுதுங்கள், உறுதியானதும் பேனாவால் எழுதிக்கொள்ளலாம். உங்கள் ஊர்ப் பாட்டி சொல்லும் பெயரையும் பக்கத்தில் சேருங்கள். அது பல செயலிகளில் இருக்காது.

எப்போது எதைப் பார்ப்பது?

மாசி, பங்குனியில் புங்கமரம் இலை மாற்றிப் பளபளவென்று தளிர்க்கும். சித்திரையில் சரக்கொன்றை, குயில் சத்தமும் அப்போதிலிருந்து ஓங்கும், காக்கைக் கூட்டின் பக்கம் ஒரு கண் வையுங்கள். ஐப்பசி மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல், செம்மண் தரையில் வெல்வெட் போன்ற தம்பலப்பூச்சி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். அவை முதலில் வந்த நாளையும், கடைசியாகப் பார்த்த நாளையும் தவறாமல் குறியுங்கள்.

கூடு கண்டால் தள்ளி நின்றே எழுதுங்கள், கிளையை விலக்கிப் பார்க்க வேண்டாம். நாம் அடிக்கடி போய் நின்றால் காக்கைக்கு வழி காட்டியது போலாகிவிடும்.

சில வாரங்கள் பழகிய பிறகு உங்கள் குறிப்புகளை வெளியேயும் கொடுக்கலாம். சீசன்வாட்ச் என்ற இந்தியத் திட்டத்தில் ஒரு மரத்தைப் பதிவுசெய்து, வாரம் ஒரு முறை அதன் இலை, பூ, காய் நிலையை அனுப்பலாம். நீங்கள் எப்படியும் எழுதப்போவது அதைத்தான். பறவை பிடித்துப்போனவர்களுக்குப் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, பட்டியலை இபேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். கணக்குத் தொடங்குவது இலவசம். கரும்பு கடித்துக்கொண்டே செய்யலாம்.