குலசாமி கோயிலில் பிடிமண் எடுப்பது எப்படி

வெளியூரில் குடியேறியவர்கள் அங்கேயே குலசாமிக்குப் பீடம் போட நினைத்தால், முதலில் பழைய இடத்திலிருந்து பிடிமண், அதாவது சாமி இருக்கும் இடத்து மண்ணைக் கைப்பிடியாக அள்ளி, எடுத்து வர வேண்டும். எங்கள் சுடலைமாடன் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில், அதாவது செம்மணல் மேட்டில், ஓர் உடைமரத்தடியில் இருக்கிறார். சிலை கிடையாது. சுண்ணாம்பும் காவியும் பூசிய மண் பீடம்தான் சாமி. அங்கிருந்து ஆவடிக்கு மண் கொண்டுவந்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் பங்காளிகளிடம் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான். அப்பா முதல் தடவை யாரிடமும் சொல்லாமல் போய்க் குனிந்தபோது, பெரியப்பா வந்துவிட்டார். "ஏலே, சாமியக் களவாண்டுட்டா போற?" என்று கேட்டார். அப்பா வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த வருடம் பாக்கி வைத்திருந்த கொடை வரி (கோயில் கொடை விழாவுக்குப் பங்காளிகள் கொடுக்கும் பணம்) முழுவதையும் கட்டிவிட்டுத்தான் கேட்டோம். பெரியப்பாவே முன்னால் நின்றார்.

சாமியிடமும் உத்தரவு வாங்க வேண்டும். எங்கள் வழக்கம் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனி இலையில் ஒரே அளவாகப் பொட்டலம் கட்டி பீடத்தின் முன் வையுங்கள். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை எடுக்கட்டும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் அந்த வருடம் விட்டுவிடுங்கள், மறுபடி கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

குளித்து, ஈரத்துணியோடு, செருப்பில்லாமல் போங்கள். மண்வெட்டி கூடாது, கைதான். பீடத்தைச் சுரண்டாமல் அதன் முன்னாலிருந்து மூன்று பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடியுங்கள். உடைமரத்தில் ஒரு குச்சியும் ஒடிக்காதீர்கள். அங்கே உதிர்ந்த சுள்ளியைக்கூட யாரும் அடுப்புக்கு எடுப்பதில்லை.

வழியில் முடிச்சைத் தரையில் வைக்கக்கூடாது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் அம்மா அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

வீட்டில் வேப்பமரத்தடியில் ஒரு முழக் குழி தோண்டி, பிடிமண்ணைப் போட்டு, அதன்மேல் பீடம் எழுப்பினோம். பொங்கல், கருப்பட்டி, சுருட்டு வைத்துப் படைத்தோம். முதல் விளக்கைப் பெரியப்பா ஏற்றினார்.

தம்பி ஓசூரில் வீடு கட்டியபோது எங்கள் பீடத்து மண்ணைக் கேட்டான். கொடுக்கவில்லை. பிடிமண் மூல இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று அவனையும் தேரிக்கே அனுப்பினோம். போகும்போது வரிப்பணத்தைக் கையில் கொடுத்தனுப்பினேன்.