திமிங்கலப் பல்லை அடியிலிருந்து பாருங்கள்

பழைய திமிங்கலப் பல் கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் அதில் அந்தக் கால மாலுமிகள் கீறி மை தேய்த்திருக்கும் கப்பலைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் வாங்கிய பல்லில் பாய்மரங்கள் அத்தனை நேர்த்தி. வீட்டுக்கு வந்து தலைகீழாகத் திருப்பினால், வேர்க்குழி ஆழமே இல்லாமல் வழவழப்பான கிண்ணம்போல் இருந்தது. லென்ஸ் வைத்தேன், ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழிகள். அச்சில் ஊற்றிய ரெசின், அதாவது செயற்கைப் பிசின்! அன்றிலிருந்து பல் கைக்கு வந்ததும் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அடியைத்தான் பார்க்கிறேன்.

சந்தைக்கு வருபவை பெரும்பாலும் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் கீழ்த்தாடைப் பற்கள். தாடையின் ஒவ்வொரு பக்கமும் 18 முதல் 26 வரை இருக்கும். சாதாரணமாக 10 முதல் 20 செ.மீ. நீளம், மிகப் பெரியவை ஒரு கிலோவை நெருங்கும். வேர்ப்பக்கம் கூம்பாகக் குழிந்து, விளிம்பு மெலிந்து, கரடுமுரடாக இருக்கும். வயதான விலங்கின் பல்லில் குழி தூர்ந்துபோவதும் உண்டு; ஆகவே ஆழத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெளியே சிமெண்டம், உள்ளே டென்டீன் என இரண்டு அடுக்கும், நடுவே தெளிவான எல்லைக்கோடும் தெரிய வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் கோடுகள் தெரிந்தால் அது யானைத் தந்தம். நடுவில் பளிங்குக் கல்போல் புள்ளி புள்ளியாக இருந்தால் வால்ரஸ் என்னும் வடதுருவக் கடல் விலங்கின் தந்தம்.

காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், உண்மையான பல்லாக இருந்தால் ஆறாத வடு அது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். உண்மையான பல் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். ரெசின் பெரும்பாலும் மங்கிக் கிடக்கும்.

பல் உண்மை என்பதாலேயே சித்திரமும் பழையது ஆகிவிடாது. விலை கூட வேண்டுமென்று பழைய வெற்றுப் பல்லில் புதிதாகக் கீறி விற்பவர்கள் இருக்கிறார்கள். இதைப் பிடிக்க நான் நம்பும் இடம் ஒன்றுதான்: சித்திரக்கோடு விரிசலைக் கடக்கும் இடம். காலப்போக்கில் பல்லில் நீளவாக்கில் மெல்லிய விரிசல்கள் விடும். கோடு முந்தியது என்றால், விரிசல் அதைக் கத்தியால் அறுத்ததுபோல் இரண்டாகப் பிரித்திருக்கும். விரிசல் முந்தியது என்றால், கோட்டிலிருந்த மை விரிசலுக்குள் மயிரிழையாக ஓடியிருக்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும். அவசரப்படாமல் ஒவ்வொரு சந்திப்பாகப் பாருங்கள்.

மதிப்பு என்று வரும்போது கீறிய கை யாருடையது என்பதே எல்லாவற்றுக்கும் மேல். அமெரிக்காவின் திமிங்கல வேட்டைத் தீவான நான்டக்கெட்டைச் சேர்ந்த எட்வர்ட் பர்டெட், ‘சூசன்’ கப்பலில் 1828, 1829 ஆண்டுகளில் பற்களில் கீறிக் கையெழுத்திட்ட ஃபிரெடரிக் மைரிக் போன்றவர்களின் கை என்று உறுதியானால் விலை வேறு உலகத்துக்குப் போய்விடும். அதனாலேயே அப்பெயர்களைக் கண்டால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள். ரெசின் நகல்களில் பல, அருங்காட்சியகப் பற்களைப் பார்த்து வார்த்தவை. பெயர் தெரியாத மாலுமியின் வேலை என்றால், நேரில் கண்டு வரைந்த திமிங்கல வேட்டைக்கு மதிப்பு அதிகம். பத்திரிகைப் படத்தை ஒட்டவைத்து ஊசியால் புள்ளி குத்தி எடுத்த சீமாட்டிப் படங்களுக்குக் குறைவு. ஒரே கையின் ஜோடிப் பற்கள் தனிப்பல்லை விட மிக உயர்வு. இரு முனையிலும் துளையிட்டு, கயிறு கோத்து, செம்பழுப்பாக மெருகேறிய பல் கிடைத்தால் அதை வெற்றுப் பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஃபிஜி மக்கள் திருமணத்திலும் மன்னிப்பு வேண்டலிலும் கையளிக்கும் ‘தம்புவா’வாக அது இருக்கலாம். அந்தக் கயிற்றை மாற்றவே கூடாது.

விலை பேசும் முன் சட்டத்தைப் பாருங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஸ்பெர்ம் திமிங்கலம் இருக்கிறது. எல்லை தாண்டி அனுப்ப அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். தந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பிரிட்டனின் தந்தச் சட்டம் 2025 ஜனவரி முதல் இந்தப் பல்லையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே பல்லோடு வந்த பழைய கடிதம், ஏல ரசீது, குடும்பப் புகைப்படம் எதையும் தூக்கி எறியாதீர்கள். பல்லைத் தேய்த்து வெளுக்கவும் வேண்டாம். அந்த மஞ்சள் படிய நூறு ஆண்டுகள் ஆகியிருக்கும்.