தைராய்டு ரிப்போர்ட் படிக்கிறது எப்படி? மொதல்ல யூனிட்டைப் பாருங்க

அம்மாவுக்கு தைராய்டு மருந்து ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுல எல்லாரோட பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டும் எனக்குத்தான் வருது. மலேசியாவுல பட்டர்வொர்த்துல இருக்குற பெரியம்மா வாட்ஸ்அப்ல படம் புடிச்சு அனுப்பி "இது என்னாப்பா?"னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ண முடியல, அதான் இந்த பதிவு. நான் டாக்டர் இல்ல, மருந்து அளவை கூட்டுறது குறைக்கிறது எல்லாம் அவங்க வேலை.

படி 1: டிஎஸ்எச் எங்க இருக்குன்னு தேடுங்க

டிஎஸ்எச்ங்கிறது தைராய்டைத் தூண்டிவிடுற ஹார்மோன். இது தைராய்டுல சுரக்குறது இல்ல, மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரில இருந்து வருது. எஸ்டேட் கங்காணி மாதிரி வச்சுக்குங்க, தைராய்டு வேலையில மந்தமானா சத்தம் கூடும், அது அளவுக்கு மீறி வேலை செஞ்சா சத்தம் அடங்கிரும். அதனால டிஎஸ்எச் ஏறினா தைராய்டு கம்மி, இறங்கினா ஜாஸ்தி. தலைகீழா இருக்குறதாலதான் நெறைய பேரு குழம்புறாங்க. பெரும்பாலான லேப்ல 0.4ல இருந்து 4 வரைக்கும் நார்மல்னு போடுவாங்க, கர்ப்பமா இருக்குறவங்களுக்கு அளவு வேற.

படி 2: யூனிட்

இங்கதான் எனக்கு தலை சுத்துச்சு. டி4ங்கிறது தைராய்டு சுரக்குற ஹார்மோன், அதுல ரத்தப் புரதத்தோட ஒட்டாம தனியா இருக்குற பங்குதான் ஃப்ரீ டி4. அம்மாவோட ஃப்ரீ டி4 14.2னு வந்துச்சு, யூடியூப்ல தமிழ்நாட்டு டாக்டர் 0.8ல இருந்து 1.8 வரைக்கும்தான் நார்மல்ங்கிறாரு, எட்டு மடங்கு ஜாஸ்தியானு வீடே ஆடிப்போச்சு. விஷயம் என்னன்னா நம்ம மலேசியா லேப் லிட்டருக்கு பிகோமோல்ல போடுறாங்க, இந்தியாவுல டெசிலிட்டருக்கு நானோகிராம். நம்ம நம்பரை 12.87ஆல வகுத்துப் பாருங்க, 14.2 வந்து 1.1 ஆயிரும், சுத்தமான நார்மல். டிஎஸ்எச்சுக்கு இந்த தொல்லை இல்ல, அங்க யூனிட்டை வேற மாதிரி எழுதினாலும் நம்பர் ஒன்னுதான். இன்னொன்னு, டோட்டல் டி4 வேற ஃப்ரீ டி4 வேற, ரெண்டையும் ஒப்பிடாதீங்க. கணக்கே வேணாம்னா உங்க ரிப்போர்ட்டுல பக்கத்துலயே போட்டிருக்குற ரேஞ்சை மட்டும் பாருங்க, போதும்.

படி 3: ரெண்டையும் சேர்த்துப் பாருங்க

டிஎஸ்எச் ஜாஸ்தி, ஃப்ரீ டி4 கம்மின்னா ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு கம்மி. டிஎஸ்எச் ஜாஸ்தி ஆனா ஃப்ரீ டி4 நார்மல்னா சப்கிளினிக்கல், அதாவது லேசான குறைபாடுன்னு சொல்லுவாங்க, இதுக்கு பொதுவா உடனே மருந்து எழுதமாட்டாங்க, ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க, டிஎஸ்எச் 10ஐ தாண்டினா கதை வேற. டிஎஸ்எச் கம்மி, டி4 ஜாஸ்தின்னா ஹைப்பர்தைராய்டு, அதாவது தைராய்டு ஜாஸ்தி. ரெண்டுமே கம்மியா இருந்தா கூகுள்ல தேடாம டாக்டரைப் பாருங்க. ஆன்டி டிபிஓன்னு ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கு, அது பாசிட்டிவ்னா நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குதுன்னு அர்த்தம், அதை மாசா மாசம் எடுத்து காசை வீணாக்க வேணாம்.

படி 4: எழுதி வைங்க

ஆப் எல்லாம் எனக்கு ஒத்து வரல, போன் மாத்தினா போயிருது. பள்ளிக்கூட நோட்டுல தேதி, டிஎஸ்எச், டி4, மருந்து அளவு, எந்த லேப், அவ்வளவுதான். முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப்ல எடுங்க. மருந்து அளவு மாத்தினா ஆறு வாரமாவது கழிச்சுதான் டெஸ்ட், அதுக்கு முன்னாடி டிஎஸ்எச் நிலைக்கு வராது.

அப்டேட்: முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்க ரெண்டு பேரு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. ஆமா, அது சில லேப் மெஷினை ஏமாத்தும், டிஎஸ்எச் கம்மியா டி4 ஜாஸ்தியா பொய்யா காட்டும். டெஸ்டுக்கு ரெண்டு நாளாவது முன்னாடி நிறுத்துங்க, டோஸ் பெருசா இருந்தா இன்னும் முன்னாடியே நிறுத்தணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னொரு அப்டேட்: டெஸ்ட் அன்னைக்கு காலையில தைராக்சின் (தைராய்டு கம்மிக்கு குடுக்குற மாத்திரை) போடலாமானு கேட்டீங்க. ரத்தம் எடுத்த பிறகு போடுங்க, முன்னாடியே போட்டா டி4 கொஞ்ச நேரத்துக்கு ஏறி நிக்கும். போட்டதும் நேரா ரொட்டி சானாய் கடைக்கு ஓடாதீங்க, அரை மணி நேரமாவது கழிச்சு பசியாறுங்க, கோப்பியும் அப்புறம்தான். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி.