செருப்புக்குக் காவல் வைக்காதீர்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் பி.டி. பீரியடும்

பி.டி. பீரியட் மணி அடித்ததும் வகுப்பே மைதானத்துக்கு ஓடும், ஆட்டிசம் உள்ள, அதாவது பேசிப் பழகுவதும் சத்தத்தையும் தொடுதலையும் உணர்வதும் வேறு மாதிரி இருக்கும் ஒரு பிள்ளை மட்டும் வேப்பமரத்தடியில் எல்லாருடைய செருப்புக்கும் காவலாக உட்கார்ந்திருக்கும். மன்னார்குடிப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், நானே அப்படி உட்கார வைத்திருக்கிறேன், பாவம் அவனை எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று. அந்தப் பாவம் பார்ப்பதுதான் பெரிய தவறு. 2016-ஆம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அடுத்தது விசில். காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையை ‘அடம் பிடிக்கிறான்’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அந்தச் சத்தம் அவனுக்கு நிஜமாகவே வலிக்கும். ஒரு சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டினால் போதும், மொத்த வகுப்பும் சீக்கிரமே பழகிக்கொள்ளும்.

‘கிரவுண்டைச் சுத்தி ஓடு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் வேண்டாம். எங்கே தொடங்குவது, எத்தனை சுற்று, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் என் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சுண்ணாம்புக் கோட்டிலேயே நிற்பான், நான் இன்னும் சத்தமாகச் சொல்வேன், அவன் இன்னும் இறுகிப்போவான். வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியர்தான், “சார், அவன் கையில நாலு புளியங்கொட்டை குடுங்க, சுத்துக்கு ஒண்ணா வாளியில போடட்டும்” என்றார். அன்றைக்கு நாலு சுற்றும் ஓடினான். கடைசிக் கொட்டையையும் போட்டுவிட்டு, மூச்சு வாங்க வாளிக்குள் குனிந்து, விரலால் நாலையும் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

கபடியில், லேசாகத் தொட்டாலே துடிக்கிற பிள்ளையை ஐந்து பேர் அமுக்கினால் என்ன ஆகும்? அதற்காகக் கபடியே கிடையாது என்று ஒதுக்கவும் கூடாது. எல்லாருக்கும் இடுப்பில் ஒரு துணியைச் செருகிவிட்டு, அதை உருவினால் அவுட் என்று வைத்துக்கொள்ளலாம். சில பிள்ளைகள் நேர்மாறு, இறுக்கிப் பிடித்தால்தான் அமைதியாவார்கள். எந்தப் பிள்ளைக்கு எது என்று அம்மாவிடம் கேட்டாலே தெரிந்துவிடும், நாம்தான் கேட்பதில்லை.

கணக்குப் பாடத்துக்காக பி.டி. பீரியடைத் திடீரென்று எடுத்துக்கொள்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏமாற்றம்தான், ஆனால் எந்த மணிக்கு எது என்ற ஒழுங்கை நம்பியே நாளைக் கடத்தும் இந்தப் பிள்ளைக்கு அது அன்றைய நாளையே குலைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மைதானம் சேறானாலும் இதே கதைதான். அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் படம் மாட்டிய ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள், காலையிலேயே அதிலிருந்து பந்துப் படத்தைக் கழற்றிவிட்டு, வராந்தாவில் விளையாடும் படத்தை மாட்டிக் காட்டிவிடுங்கள்.

அப்புறம், டெல்டாக்காரர்கள் விடவே கூடாத ஒன்று தண்ணீர். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12, பள்ளிக்கூடம் திறப்பதும் அதே மாதம்தான். சில நாளில் மைதானத்தை ஒட்டிய வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு, சொல்லாமல் நழுவிப் போவதும் உண்டு, ஆபத்தும் சட்டென்று உறைக்காது. ‘எல்லாரும் பாத்துக்குவோம்’ என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள், அதனால் பீரியட் தொடங்கும் முன்பே ஒரு பெரியவரிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள், கேட்டைச் சாத்துங்கள். பயமுறுத்தி, தண்ணீர் பக்கமே போகாமல் செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நீச்சல் தெரிந்தவர் கூடவே இருந்து, ஆழமில்லாத இடத்தில் சிறு வயதிலேயே நீந்தப் பழக்குங்கள், பந்தைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளைகள்கூட தண்ணீரில் இறங்கினால் ஏற மனமில்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.